செம்பியைப் பற்றி ஜெர்மனில் நான்கு வாக்கியம்: பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லித்தருவது?

பூண்டி அத்தை கேட்கிறார்:

என் அண்ணன் ஜெர்மனியில் ஷ்டுட்கார்ட்டில் வேலை பார்க்கிறார். அண்ணியும் பிள்ளைகளும் அடுத்த கோடைக்குள் அங்கே போய்ச் சேர்வதாக ஏற்பாடு. பெரியவளுக்கு 7 வயது, சின்னவனுக்கு 5. செவிலியர் வேலைக்காகச் சென்னையில் ஜெர்மன் பி1 என்ற இடைநிலை வரை படித்துவிட்டு, கடைசியில் போகாமல் ஊரிலேயே தங்கிவிட்டவள் நான். ஏன் போகவில்லை என்பது பெரிய கதை, இங்கே வேண்டாம். வீட்டில் அந்த மொழி தெரிந்த ஒரே ஆள் என்பதால் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் வேலை அத்தை தலையில் விழுந்திருக்கிறது.

வளர்ப்புப் பிராணிகளிலிருந்து தொடங்கினேன். திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது, பிராணிகளுக்குப் பஞ்சமில்லை. செம்பி என்றொரு நாட்டு நாய், பெட்டை. ஓர் உம்பளச்சேரிப் பசு, அதன் கன்று. நாலைந்து கோழிகள். யார் வீட்டுடையது என்றே தெரியாமல் அடுப்படிவரை வந்துபோகும் ஒரு பூனை. இவை எல்லாவற்றின் ஜெர்மன் பெயரும் பிள்ளைகளுக்குத் தெரியும். நாய், பூனை, பசு, கோழி என்பதை ‘ஹுன்ட், கட்ஸெ, கூ, ஹூன்’ என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கிறார்கள். சுவரில் ஒட்டியிருக்கும் சார்ட்டில் உள்ள ஹாம்ஸ்டர், முயல், கினிப்பன்றி வரை சொல்லிவிடுகிறார்கள். கினிப்பன்றியை நானே நேரில் பார்த்ததில்லை.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீடியோ அழைப்பில் வந்து, ‘செம்பி எப்படி இருக்கும், அப்பாவுக்குச் சொல்லு’ என்று ஜெர்மனில் கேட்டால், ‘ஹுன்ட். ப்ரவுன்.’ அதோடு நின்றுவிடுகிறது. சின்னவன் செம்பியை இழுத்துவந்து கேமரா முன்னால் நிறுத்திவிடுகிறான். பார்த்துக்கொள்ளுங்கள், நான் எதற்குச் சொல்ல வேண்டும் என்பதுபோல. நியாயம்தானே!

இன்னொரு தகராறு. ஜெர்மனில் நாய் ஆண்பால். ‘டேர் ஹுன்ட்’ என்பதால் அடுத்த வாக்கியத்தில் ‘ஏர்’, அதாவது ‘அவன்’ என்று வர வேண்டும். வீட்டில் நாங்கள் செம்பியை ‘அது’ என்றுதான் சொல்கிறோம். ‘அவன்’ என்று சொல்லச் சொன்னதும் சின்னவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. செம்பி குட்டி போட்டதை அவனே பார்த்திருக்கிறான். எப்படி அவன் ஆவான் என்று கேட்கிறான். என்னிடம் இலக்கண விதி இருக்கிறது, பதில் இல்லை.

பசுவையும் கன்றையும் ‘ஹவுஸ்டீர்’, அதாவது வளர்ப்புப் பிராணி என்று சொல்லலாமா, அங்கே சிரிப்பார்களா என்பதையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வேதை பாலு எழுதுகிறார்:

இந்த வயதில் எதற்கு இவ்வளவு சிரமம்? அங்கே பள்ளியில் சேர்த்தால் தானாக வந்துவிடும். என் தங்கை பிள்ளைகள் போன வேகத்தில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். இங்கே இருக்கும்வரை அவர்களை நிம்மதியாக விளையாட விடுங்கள்.

மாயவரம் அக்கா எழுதுகிறார்:

பாலு தம்பி சொல்வது பாதி சரி. பள்ளியில் சேர்ந்தால் மொழி வந்துவிடும்தான். ஷ்டுட்கார்ட் இருக்கும் பாடன்-வுர்ட்டம்பர்க் மாநிலத்தில் புதிதாக வரும் பிள்ளைகளுக்கென்று ஆயத்த வகுப்புகளே இருக்கின்றன. ஆனால் ‘வந்துவிடும்’ என்று நாம் சொல்கிற அந்த முதல் சில மாதங்கள் பிள்ளைக்கு எப்படிப் போகின்றன என்பதை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். பள்ளி விட்டதும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ‘ஹோர்ட்’ என்ற காப்பகத்தில் வேலை பார்த்தவள் நான். மாமியாருக்கு முடியாமல் போனதால் இப்போது மயிலாடுதுறையில் இருக்கிறேன். புதுப்பிள்ளை சாப்பாட்டு மேசைக்கு வந்து உட்கார்ந்ததும் பெயர், வயதுக்கு அடுத்தபடி மற்ற பிள்ளைகள் கேட்பது, ‘ஹஸ்ட் டூ ஐன் ஹவுஸ்டீர்?’ உன்னிடம் வளர்ப்புப் பிராணி இருக்கிறதா? இதற்குப் பதில் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு அன்றைக்கே ஒரு கூட்டாளி கிடைத்துவிடும். அதனால் பூண்டித் தங்கை தொடங்கிய இடம் மிகச் சரியான இடம்.

இனி உங்கள் கேள்வி. பெயர்களை ஒப்பிப்பதும் வருணிப்பதும் வேறு வேறு வேலை. செம்பி கண்ணெதிரில் நிற்கும்போது ‘செம்பியைப் பற்றிச் சொல்’ என்றால் எந்தப் பிள்ளையும் சொல்லாது, தமிழில் கேட்டாலும்தான். கேள்வி வேண்டும். அதுவும் பதிலைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும் கேள்வியாக இருக்க வேண்டும். ‘இஸ்ட் செம்பி க்ரோஸ் ஓடெர் க்லைன்?’ பெரியதா, சின்னதா? பிள்ளை ‘க்லைன்’ என்று ஒற்றைச் சொல்லில் நிறுத்தினால் திருத்தாதீர்கள். ‘ஆமாம், செம்பி இஸ்ட் க்லைன்’ என்று நீங்களே முழுதாகச் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். சில நாட்களில் அந்த ‘இஸ்ட்’ தானாக ஒட்டிக்கொள்ளும். பிறகு, என்ன தின்னும்? ‘வஸ் ஃப்ரிஸ்ட் ஸீ?’ ‘ஸீ ஃப்ரிஸ்ட் ரைஸ்.’ சோறு தின்னும். ‘ஸீ’ என்றால் ‘அவள்’. விலங்கு தின்பதற்கு ‘ஃப்ரெஸ்ஸென்’, மனிதர் சாப்பிடுவதற்கு ‘எஸ்ஸென்’. தின்னும், சாப்பிடுவார் என்று நாமே பிரித்துத்தானே பேசுகிறோம், அதனால் பிள்ளைகளுக்குச் சுலபமாகப் பிடிபடும். தாத்தாவுக்கு ‘ஃப்ரிஸ்ட்’ போட்டுப் பார்த்துச் சிரிப்பார்கள். வீட்டுக்குள் சிரிக்கட்டும், அங்கே போய்ச் சொல்லக்கூடாது என்று மட்டும் சொல்லிவையுங்கள்.

அப்புறம், என்ன செய்யத் தெரியும்? ‘வஸ் கன் ஸீ?’ ‘ஸீ கன் கூட் ஷ்விம்மென்.’ உங்கள் ஊர் நாய்க்கு வாய்க்காலில் நீந்தத் தெரியாமலா இருக்கும்! இந்த வாக்கியத்தில் முதன்மை வினை கடைசிக்குப் போய்விடும். ஆங்கிலம் வழியாகப் படிக்கிறவர்கள் இங்கே தடுமாறுவார்கள். தமிழ்ப் பிள்ளைகளுக்கு வினை கடைசியில் வருவதுதான் இயல்பு. ஓரிரு முறை கேட்டாலே பிடித்துக்கொள்வார்கள்.

நிறத்துக்கு வருகிறேன். ‘செம்பி இஸ்ட் ப்ரவுன்’ என்ற அமைப்போடு நிறுத்துங்கள். அதில் பெயரடை மாறவே மாறாது, எந்தப் பாலாக இருந்தாலும் ‘ப்ரவுன்’தான். ‘ஒரு பழுப்பு நாய்’ என்று சேர்த்துச் சொல்லப் போனால் நாய்க்கு ‘ப்ரவுனெர்’, பூனைக்கு ‘ப்ரவுனெ’, முயலுக்கு ‘ப்ரவுனெஸ்’ என்று வால் முளைக்கும். அது அங்கே போய் வரட்டும்.

சின்னவனின் ரோஷத்துக்கு என் ஓட்டு அவன் பக்கம்தான். பெட்டை நாய்க்கு ஜெர்மனில் தனிச்சொல்லே உண்டு, ‘ஹ்யூன்டின்’. ‘மைனெ ஹ்யூன்டின் ஹைஸ்ட் செம்பி. ஸீ இஸ்ட் ப்ரவுன்.’ ஒரு குறையும் இல்லாத ஜெர்மன். ‘மைன் ஹுன்ட்’ என்று தொடங்கினால் அடுத்து ‘ஏர்’ வருவது ‘ஹுன்ட்’ என்ற சொல்லுக்காக, நாய்க்காக அல்ல. பூனை கடுவனாக இருந்தாலும் ‘டீ கட்ஸெ’ என்றால் ‘ஸீ’தான். இதையெல்லாம் ஐந்து வயதுப் பிள்ளையிடம் விளக்கிக்கொண்டிருக்காமல், ‘ஹ்யூன்டின்’ என்ற சொல்லை அவன் கையில் கொடுத்துவிடுங்கள். தன் நாய்க்கென்று தனிச்சொல் கிடைத்த பெருமையில் விடவே மாட்டான்.

சார்ட்டை முழுதாகக் கிழித்துவிடாதீர்கள். முயலையும் கினிப்பன்றியையும் அங்கே பல வீடுகளில் வளர்ப்பார்கள். ‘கனீன்ஷென்’, ‘மேர்ஷ்வைன்ஷென்’ என்று பக்கத்துப் பிள்ளை சொல்லும்போது புரிந்தால் போதும். சொல்வதற்குத் தன் வீட்டுப் பிராணி, கேட்பதற்கு அடுத்த வீட்டுப் பிராணி. அப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள்.

கன்றுக்கு எத்தனை மாதம் ஆகிறது? அதைச் சொன்னால் இன்னொரு யோசனை இருக்கிறது.

குடந்தை ஜெர்மன் வாத்தியார் எழுதுகிறார்:

சகோதரி, நான் கும்பகோணத்தில் செவிலியர்களுக்கு ஏ1, ஏ2 என்ற தொடக்கநிலை வகுப்பு எடுக்கிறேன். மாயவரத்தார் சொன்னதில் பெரும்பகுதி சரி. ஆனால் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நின்று அதன் பாலைக் காட்டும் டேர் (ஆண்பால்), டீ (பெண்பால்), டஸ் (இரண்டுமல்லாத மூன்றாம் பால்) மூன்றையும் இப்படிக் கழற்றிவிடுவது எனக்குச் சம்மதமில்லை. பெரியவர்களாகி என்னிடம் வருகிறவர்கள் அழுவதெல்லாம் இந்த மூன்றுக்காகத்தான். சொல்லை முதல்முறை கேட்கும்போதே ‘டேர் ஹுன்ட்’ என்று ஒரே மூச்சில் கேட்டிருந்தால் அந்த அழுகை இல்லை. ஜெர்மன் வகுப்புகளில் ஆண்பாலுக்கு நீலம், பெண்பாலுக்குச் சிவப்பு, மூன்றாவதற்குப் பச்சை என்று நிறம் கொடுப்பது பரவலான பழக்கம். உங்கள் வீட்டில் கோலப்பொடி இருக்குமே. வாசலில் நாயை நீலத்தில், பசுவையும் பூனையையும் சிவப்பில், கன்றையும் கோழியையும் பச்சையில் வரையச் சொல்லுங்கள். ‘டஸ் ஹூன்’ பச்சை, சேவல் வந்தால் ‘டேர் ஹான்’ நீலம். சின்னது, செல்லம் என்று காட்டும் ‘-ஷென்’ விகுதியில் முடிகிற எல்லாமே பச்சை: கனீன்ஷென், மேர்ஷ்வைன்ஷென். நாய்க்குட்டியைச் செல்லமாக ‘ஹ்யூன்ட்ஷென்’ என்றால் அதுவும் பச்சைக்குப் போய்விடும்.

உச்சரிப்பில் நம் பிள்ளைகளுக்கு ஒரு வசதி உண்டு. குறில் நெடில் வேறுபாடு அவர்களுக்குத் தாய்ப்பாலோடு வந்தது; ஜெர்மனிலும் பொருளே அதனால் மாறும். ஹுன்ட் குறில், ஹூன் நெடில். கன்றின் மூக்கைத் தொட்டுப் பார்க்கச் சொல்லி ‘டீ நாஸெ இஸ்ட் நஸ்’ என்று சொல்லிக்கொடுங்கள். மூக்கு ஈரமாக இருக்கிறது. ‘நாஸெ’ நெடில், ‘நஸ்’ குறில். ஒரே வாக்கியத்தில் இரண்டும் வந்துவிடும், கையும் நனைந்துவிடும். ‘ஹ்யூன்டின்’ என்பதில் உள்ள உயிர் தமிழில் கிடையாது. ‘இ’ என்று சொல்லிக்கொண்டே உதட்டை ‘உ’ என்பதற்குக் குவிக்க வேண்டும். நாக்கை நகர்த்தக்கூடாது. கண்ணாடி முன்னால் நிறுத்திச் சொல்லச் சொல்லுங்கள், பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. என்னிடம் வருகிற பெரியவர்களுக்குத்தான் வெட்கம்.

‘ட்ஸீகெ’ என்ற ஆட்டைச் ‘சீகெ’ ஆக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ‘கட்ஸெ’ சொல்ல வருகிறவர்களுக்கு ‘ட்ஸீகெ’யும் வரும்.

பொறையார் பெரியவர் எழுதுகிறார்:

ஆடு என்றதும் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் தரங்கம்பாடியில் 1706 ஜூலையில் வந்திறங்கிய மதபோதகர் சீகன்பால்க் ஜெர்மானியர். அவர் பெயரிலேயே அந்த ஆடு இருக்கிறது. அவர் தமிழ் படித்த விதம் இந்த அம்மாவுக்குப் பயன்படும். ஒரு திண்ணைப் பள்ளி ஆசிரியரைத் தம் இருப்பிடத்துக்கே வரவழைத்து, பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித்தான் எழுத்துப் படித்தார். வந்தபோது வயது 24கூட நிறையவில்லை. 1715-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டே விட்டார். இப்போது இங்கிருந்து பிள்ளைகள் அங்கே போகிறார்கள். அத்தையும் நாற்காலியில் உட்கார்ந்து பாடம் நடத்தாமல், கன்று கட்டியிருக்கும் கொட்டகையில் அவர்களோடு தரையில் உட்காரட்டும். நான் தமிழாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன், ஜெர்மன் எனக்குத் தெரியாது. ஆனால் பிள்ளைகள் எங்கே வாய் திறப்பார்கள் என்பது தெரியும்.

இன்னொன்று. பிள்ளைகள் ஆசைப்பட்டு ‘எங்கள் வீட்டுக் கிளி’ என்று ஏதாவது சேர்த்துவிடப் போகிறார்கள். பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வாத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள், அறுவடை முடிந்த வயலில் கூட்டம் கூட்டமாக மேயவிடுவார்களே, பார்த்துச் சொல்ல நிறைய இருக்கும்.

பூண்டி அத்தை எழுதுகிறார்:

எல்லோருக்கும் நன்றி. ‘ஹ்யூன்டின்’ பலித்துவிட்டது. காலையிலிருந்து தெருவில் போகிற நாய்களையெல்லாம் ஹுன்டா ஹ்யூன்டினா என்று தரம் பிரித்துக்கொண்டிருக்கிறான். பால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு என்ன மொழி தம்பி இது என்று கேட்கிறார். உதடு இன்னும் குவியவில்லை, ‘ஹிண்டின்’ என்றுதான் வருகிறது.

அக்கா, கன்றுக்கு ஐந்து மாதம் ஆகப்போகிறது. பிறந்தபோது நல்ல செம்பழுப்பு. இப்போது கழுத்துப் பக்கமும் விலாவிலும் சாம்பல் ஓடத் தொடங்கிவிட்டது. பெரியவள் ‘டஸ் கல்ப் இஸ்ட் ப்ரவுன்’ என்று எழுதி வைத்த தாளைப் பார்த்து, இதை அடிக்கணுமா என்று கேட்டாள்.

மாயவரம் அக்கா எழுதுகிறார்:

அடிக்கவே கூடாது! நான் வயதைக் கேட்டதே இதற்காகத்தான். உம்பளச்சேரிக் கன்று செம்பழுப்பாகப் பிறந்து ஆறு மாத வாக்கில் சாம்பலுக்கு மாறும். அப்பா வீட்டில் இருந்ததால் தெரியும். இப்படி ஒரு பிராணி அந்த வகுப்பில் வேறு எந்தப் பிள்ளையிடமும் இருக்கப் போவதில்லை. பழைய வரியை அப்படியே வைத்துவிட்டு ‘இஸ்ட்’ என்பதை ‘வார்’ ஆக்கச் சொல்லுங்கள். ‘ஃப்ரூயெர் வார் டஸ் கல்ப் ப்ரவுன். யெட்ஸ்ட் இஸ்ட் எஸ் க்ரவ்.’ முன்பு பழுப்பு, இப்போது சாம்பல். இறந்தகாலம் என்று பெயர்கூடச் சொல்ல வேண்டாம். கழுத்துச் சாம்பலாகிவிட்டது, கால் இன்னும் பழுப்பு என்று பகுதி பகுதியாகப் பார்த்துச் சொல்லட்டும். மாட்டுத் தரகர் மாட்டைப் பார்ப்பதுபோல மூக்கிலிருந்து வால்வரை கைவைத்துப் பார்த்துச் சொன்னால் நாஸெ (மூக்கு), ஓரென் (காதுகள்), ஃபெல் (உடல்மயிர்), ஷ்வன்ட்ஸ் (வால்) எல்லாம் அந்த வழியிலேயே வந்துவிடும். அவள் எழுதும் வயது என்பதால் ‘ஷ்டெக்ப்ரீஃப்’ ஒன்று செய்யச் சொல்லுங்கள். பெயர், வயது, நிறம், தீனி, சிறப்பு என்று ஒரே தாளில் பிராணியின் விவரக்குறிப்பு. அங்கே தொடக்கப்பள்ளியில் இதை அடிக்கடி செய்யச் சொல்வார்கள். தீனிக்கு வைக்கோல் என்று எழுத ‘ஷ்ட்ரோ’. புத்தகங்களில் ‘ஹொய்’ என்று இருக்கும். அது உலர்ந்த புல், நம் வைக்கோல் அல்ல.

குடந்தைத் தம்பியின் கோலப்பொடி யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது, நான் பின்வாங்குகிறேன். ஆனால் ‘இது என்ன நிறம்?’ என்று சின்னவனிடம் கேள்வி கேட்டு அதைத் தேர்வாக்கிவிடாதீர்கள். அவனுக்கு வேறு விளையாட்டு இருக்கிறது. ஜெர்மன் பிள்ளைகள் வண்டியில், வரிசையில், எங்கே காத்திருந்தாலும் ஆடுவது: ‘இஷ் ஸேயெ வஸ், வஸ் டூ நிஷ்ட் ஸீஸ்ட், உன்ட் டஸ் இஸ்ட் க்ரவ்.’ நீ பார்க்காத ஒன்றை நான் பார்க்கிறேன், அது சாம்பல் நிறம். மற்றவர் கண்டுபிடிக்க வேண்டும். கொட்டகையில் உட்கார்ந்து ஆடினால் நிறமும் பெயரும் கேட்காமலே வரும். இதைத் தெரிந்துகொண்டு போகிற பிள்ளை அங்கே முதல் நாளே ஆட்டத்தில் சேர்ந்துவிடும்.

பசு விஷயம். பேச்சுவழக்கில் ‘ஹவுஸ்டீர்’ என்றால் வீட்டுக்குள் வளர்ப்பதுதான். பசுவை ‘நுட்ஸ்டீர்’, பயன்தரும் விலங்கு என்பார்கள். அதற்காக மறைக்க வேண்டாம். ‘விர் ஹாபென் ஐனெ கூ’, எங்களிடம் பசு இருக்கிறது என்று அவள் சொன்னால் மேசையே திரும்பிப் பார்க்கும். சிரிப்பு வந்தாலும் பொறாமைச் சிரிப்பாகத்தான் இருக்கும். அடுத்த கேள்வி பால் தருமா என்றுதான் வரும், ‘கிப்ட் ஸீ மில்ஷ்?’ உம்பளச்சேரி உழவுக்குப் பேர்போன இனம், பாலுக்கு அல்ல. அதனால் ‘ஐன் பிஸ்ஷென்’, கொஞ்சம் என்று உண்மையைச் சொல்லச் சொல்லுங்கள்.

பூண்டி அத்தை எழுதுகிறார்:

கன்றின் நெற்றியில் வெள்ளைச் சுட்டி இருக்கிறது. பெரியவள் அதை எழுதாமல் ஷ்டெக்ப்ரீஃபை முடிக்க மாட்டேன் என்கிறாள். ‘வைஸ்’, வெள்ளை என்று மட்டும் எழுதினால் போதாதாம். அதற்கு என்ன சொல்வார்கள்?

மாயவரம் அக்கா எழுதுகிறார்:

குதிரை நெற்றியில் இருந்தால் ‘ஷ்டெர்ன்’ என்பார்கள், நட்சத்திரம். கன்றுக்குச் சொன்னாலும் புரியும். நெற்றி ‘ஷ்டிர்ன்’. இரண்டையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்: ‘அவுஃப் டேர் ஷ்டிர்ன் ஹட் எஸ் ஐனென் ஷ்டெர்ன்.’ சின்னவன் இதைப் பாட்டாகவே பாடுவான், காதைப் பொத்திக்கொள்ளத் தயாராக இருங்கள்.